பின் சீட்டின் நடுவில் கேட்காத குரல்

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ் வீட்டுக் கண்டக்டர் எழுதுவது. நீ உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன், அப்படி நினைக்காவிட்டால் அடுத்த வார்த்தை எனக்கு வராது. இங்கே நான் நடமாட்டமாக இருக்கிறேன். அம்மாவும் சுகம் என்று கண்டக்டர் பழக்கத்தில் எழுதப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அம்மா சுகமாக இல்லையப்பா. நம் வீட்டில் யாரும் யாருக்கும் கடிதம் போட்டதில்லை, எனக்கும் எழுத்துத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, நீ போன நாளிலிருந்து கேசட்டில்தானே நீயும் பேசி அனுப்புகிறாய், நாங்களும் பேசி அனுப்புகிறோம். இப்போது அந்த டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினால், ஒரு வார்த்தை பேசுவதற்குள் அணைத்துவிடுகிறேன். அதோடு அம்மாவுக்குக் காதுதான் போயிற்று, கண் கழுகுக் கண், அறையின் அந்தக் கோடியிலிருந்தே என் உதட்டைப் பார்த்து நான் என்ன பேசுகிறேன் என்று பிடித்துவிடுகிறாள். அதனால்தான் கீழே இறங்கி வந்து, கண்டக்டரின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். நிதானமாகப் படி. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்காதே, நீயே படி.

நம் வண்டியில் பின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பலகையில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன அல்லவா, எல்லாம் அவற்றிலிருந்துதான் ஆரம்பித்தது. கீச்சுச் சத்தமெல்லாம் அம்மாவுக்கு ஒரேயடியாகப் போய்விட்டது, கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம் என்று காது டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். வீட்டு டேப்பில் உன் கேசட்டைப் போட்டால், கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். வண்டியின் பின் சீட்டில் மட்டும்தான் உன் குரல் அவளுக்குக் கேட்டது. பலகைக்குக் கீழே டிக்கி முழுவதும் காலி, அந்தக் காலியிடம் சத்தத்தைப் பெருக்கிக் கனமாக்கிக் கொடுக்கும், பின்கழுத்தைச் சீட்டின் மேல் விளிம்பில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். உன் கேசட் வந்தால் தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, எங்கோ கிளம்புகிறவள் மாதிரித்தான் வந்து ஏறுவாள். வண்டி வாசலை விட்டு நகராது, அவள் மட்டும் உன்னோடு போய்விட்டு வருவாள். கண்டக்டர் படியில் நின்று, "என்னம்மா, டிக்கெட் கிழிக்கட்டுமா?" என்று கையால் கிழித்துக் காட்டுவார், அவளும் சிரித்துக்கொண்டே, "ஒரு டிக்கெட், புள்ள கிட்ட" என்பாள். இதை எழுதும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

அவள் உட்காருவது நடுவில்தான். நீ ஒரு கதவோரம், உன் அக்கா ஒரு கதவோரம், நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொள்ளாமல் இருக்க நடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்து பழகியவள். சீட் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் ஓரத்துக்கு நகரமாட்டாள். இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் சொல்கிறேன்.

நீ கடைசியாக அனுப்பிய கேசட் வந்த சமயத்தில் ஸ்பீக்கர்கள் செத்துக்கொண்டிருந்தன. பின் கண்ணாடி வழியாக அடித்த வெயிலில் அந்தக் கறுப்புக் காகிதம் பொடிந்து, சுற்றியிருந்த விளிம்பு விட்டுப்போய், நீ பேசினால் கரகரவென்று வறட்டு இலையை மிதிக்கிற சத்தம்தான் வந்தது. லீவு கேட்டிருக்கிறேன், இந்த இடத்து வேலை முடிந்தால்தான் விடுவார்களாம், வேறு இடத்துக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள் என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு, மாற்றித் தருகிறேன் என்று கையைக் காட்டிச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

மேடைக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுவானே, எல்லோரும் சவுண்டு என்று கூப்பிடுகிற ஆள், அவனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவன் பார்த்துவிட்டு, "பெரியவரே, இந்த வண்டிக்கு ஸ்பீக்கர் தேடுறதுக்குப் பதிலா, ஏதாவது ஒரு ஸ்பீக்கருக்கு ஏத்த வண்டியா தேடிக்கலாம்" என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. பலகையில் இருக்கிற ஓட்டை முட்டை வடிவம், அந்த வடிவத்தில் இப்போது ஒருவனும் செய்வதில்லையாம், கிடைத்ததெல்லாம் வட்டம். ஒட்டுப்பலகையில் முட்டை மாதிரி வெளி வெட்டு, வட்டமாக உள் வெட்டு என்று இரண்டு தட்டு அறுத்தான். பொருத்திப் பார்த்தால் புது ஸ்பீக்கரின் காந்தம் தடிமன், டிக்கி மூடியைத் தூக்கிவிடும் கம்பியில் போய் முட்டியது, மூடி மூடவில்லை. பிறகு மரத்தில் வளையம் செய்து அடியில் கொடுத்து, ஸ்பீக்கரை மேலே தூக்கினான். பின் சீட்டைக் கழற்றி வெளியே போட்டு, டிக்கிக்குள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு வேலை செய்தான், வெளியே காலிரண்டு மட்டும்தான் தெரிந்தது. நடுநடுவே, "இந்த ஸ்குருவப் போட்டவன் உசுரோட இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டான். பழைய ஒயர்கள் எல்லாம் நிறம் செத்து ஒரே பழுப்பாகக் கிடந்தன, எது எது என்று அவனுக்கும் தெரியவில்லை, பாடினால் சரி என்று முறுக்கி டேப் சுற்றிவிட்டான். உன் கேசட்டைப் போட்டோம். அவன் இந்தக் கதவு வழியாகத் தலையை விட்டுக் கேட்டான், அந்தக் கதவு வழியாகத் தலையை விட்டுக் கேட்டான், இரண்டும் கணீரென்று பாடின. நான் வழக்கம்போல ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உன் குரலைக் கேட்டதும் எனக்கு ஊரையே அழைத்து விருந்து போடலாம் போலிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். தலை வாரிக்கொண்டு வந்தாள், நடுவில் உட்கார்ந்தாள், சாய்ந்து கண்ணை மூடினாள். நான் முன்னால் இருக்கும் கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். "யாருங்க இது?" என்றாள். திரும்பி அவளைப் பார்த்து, மகன்தான் என்றேன். "என் புள்ள நெஞ்சுலேருந்து பேசுவான். இது யாரோ மூக்கால பேசறாங்க. ஆள வச்சுப் பேசச் சொல்லிக் கொண்டாந்திருக்கீங்க" என்றாள். நான் சத்தத்தைக் கூட்டினேன், கூட்டக் கூட்ட அவள் முகம் வெளுத்துப்போயிற்று. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்து, "எப்ப நடந்துச்சு? சொல்லுங்க, தாங்கிக்குவேன். அன்னைக்கு மாதிரி பண்ணாதீங்க" என்றாள்.

அன்றைக்கு என்றால் எதைச் சொல்கிறாள் என்று உனக்குப் புரியும். உன் அக்கா போனதை அவளிடம் சொல்லவேண்டாம், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று உன் பெரியப்பா சொல்ல, குடும்பம் முழுக்க ஒன்றாகச் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் தேறி வருகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவளும் அதை நம்பிப் பழத்தைப் பிழிந்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். அப்படி ஏமாந்தவளுக்கு நான் இனி எந்த வாயால் என்ன சொன்னாலும் ஏறுமா சொல்.

அன்றிலிருந்து அவள் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உன் சட்டைகளைத் துவைத்து, மடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பால்காரரை நிறுத்தி, உங்களுக்காவது தெரியுமா என்று கேட்கிறாள். அந்த மனிதர் எனக்குத் தெரியாதம்மா என்று கையை விரித்தால், இவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்கிறாள். உன் அத்தை வந்து தங்கியிருக்கிறாள், ஸ்பூனை வைத்துக்கொண்டு கெஞ்சுகிறாள், திட்டுகிறாள், கடைசியில் என் பக்கம் திரும்பி, "அண்ணே, அவன வரச்சொல்றத விட்டுட்டு இந்த ஓட்ட வண்டியக் கட்டிக்கிட்டு அழறீங்களே" என்கிறாள். அம்மாவின் கை இப்போது என் இரண்டு விரல் கனம்தான் இருக்கிறது. போன வாரம் அடுப்படியில் தலைசுற்றி, சூடான பாத்திரத்தைப் பிடித்துவிட்டாள், வலது உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. கட்டுப் போடவும் விடமாட்டேன் என்கிறாள். இந்தக் கையை நினைவில் வைத்துக்கொள், உனக்கு அது தேவைப்படும்.

அவளுக்கு அப்படி என்னதான் கேட்டது என்று எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு வருஷம் வண்டி ஓட்டினேனே, என் வண்டியின் பின் சீட்டில் ஒரு தடவைகூட நான் உட்கார்ந்ததில்லை. கேசட்டைப் போட்டுவிட்டு, இறங்கிப் பின்னால் போய், அவள் இடத்தில், நடுவில் உட்கார்ந்தேன். ஐயோ மகனே, அது நீ இல்லை. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், கனமெல்லாம் வடிந்துபோய், சக்கை மாதிரி ஒரு குரல். அம்மா நல்லா இருக்கியா என்று நீ கேட்பாயே, அது யாரோ குழாய்க்குள் வாயை வைத்துக் கேட்பதுபோல இருந்தது. கதவோரம் நகர்ந்தேன், அங்கே நீ இருந்தாய். திரும்ப நடுவுக்கு வந்தேன், நீ இல்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பைத்தியம் மாதிரி நகர்ந்து நகர்ந்து கேட்டேன். சவுண்டை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து அந்த ஒயரில் தொட்டுக் காட்டினான், ஒரு ஸ்பீக்கரின் காகிதம் வெளியே துள்ளியது, மற்றது உள்ளே போயிற்று. ஒரு பக்கத்து ஒயரை மாற்றி முறுக்கியிருக்கிறான், ஒன்று தள்ளுகிறபோது மற்றது இழுக்கிறது, சரியாக நடுவில் இருக்கிறவர்களுக்குக் கனத்த சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடுகிறதாம். "நடுவுல யாரு பெரியவரே உக்காருவாங்க, அதனாலதான் கேட்டுப் பாக்கல" என்றான். அவனை நான் திட்டவில்லை. அவளுக்கு அந்த மிச்சக் கனத்தை விட்டால் வேறு காதில்லை, அவள் அந்த இடத்தை விட்டால் வேறெங்கும் உட்காரமாட்டாள், அது அவனுக்கு எப்படித் தெரியும்.

ஒயரை மாற்றிவிட்டான். இப்போது நடுவில் உட்கார்ந்தால் நீ பின்கழுத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாய், பலகையில் கை வைத்தால் உன் பேச்சு கையில் துடிக்கிறது. ஆனால் அவள் ஏறமாட்டேன் என்கிறாள். ஒயரைப் பற்றி நான் கையாலும் வாயாலும் விளக்கினேன், சவுண்டு வந்து காலில் விழாத குறையாகச் சொன்னான். அவள் எங்கள் உதடுகளைப் பார்த்து முடித்துவிட்டு, "சரி, அவன் குரலாவே இருக்கட்டும். செத்தவங்க குரலும் கேசட்டுல பேசத்தானே செய்யுது" என்றாள். இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் சொல்லு.

அடுத்து நான் சொல்லப்போவதை எழுதவேண்டாம் என்கிறார் கண்டக்டர், எழுதித்தான் ஆகவேண்டும் என்றுவிட்டேன். நீ கொடுத்த நம்பருக்கு அவரை விட்டுப் போன் போட்டுப் பார்த்தேன், முதலில் யாரோ எடுத்துப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள், இப்போது மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. அந்தக் கேசட்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இடம் மாற்றியிருப்பார்கள், சாமானெல்லாம் கட்டிக் கிடக்கும், டேப் கையில் இருக்காது என்று அவளிடம் சொல்கிறேன். சொல்லும்போது அவள் என் உதட்டைப் பார்க்கிறாள். அவள் அப்படிப் பார்க்கப் பார்க்க, நான் தெரிந்து சொல்கிறேனா, தெரியாமல் சொல்கிறேனா என்று எனக்கே தடுமாற்றமாக இருக்கிறது. கேசட் கட்டி வந்த தாளில் இருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் இதைப் போடுகிறோம். இது உன் கைக்கு வந்ததா, நீதான் படிக்கிறாயா மகனே?

நீ படிக்கிறாய் என்றால் இதைச் செய். யாரிடமாவது ஒரு டேப்பை இரவல் வாங்கு. ஃபேனை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, வாயை ஒட்டி வைத்துப் பேசாதே, கொஞ்சம் தள்ளி வைத்துக் கனமாக, நிதானமாகப் பேசு. நல்லா இருக்கியாம்மா என்று ஆரம்பிக்காதே, அது எல்லாக் கேசட்டிலும் இருக்கிறது. எடுத்தவுடன் அந்த வலது கையைக் கேள். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் ஏன் பிடித்தாய், கட்டு ஏன் போடவில்லை, ஏன் சாப்பிடவில்லை என்று திட்டு. கெஞ்சாதே, நீ கெஞ்சினால் அவள் யாரோ என்பாள், நீ எப்போதும் எப்படித் திட்டுவாயோ அப்படித் திட்டு. அந்தக் கொப்புளம் போன வாரம் வந்தது, அது செத்தவனுக்குத் தெரியாது. உனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது ஏதாவது இருந்தால் அதையும் சொல், அந்த நேரம் நான் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு தள்ளிப் போய் நிற்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பொய் சொல்லி அவளை ஏற்றலாம் என்கிறாள் உன் அத்தை. நான் மாட்டேன். உன் கேசட் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன், அவளாக ஏறும்வரை நிற்பேன். லீவு கிடைத்தால் கேசட் வேண்டாம், நீயே வா. கிடைக்காவிட்டால் உடனே பேசி அனுப்பு. அவள் உடம்பில் காத்திருக்கிற தெம்பு அதிகமில்லை.

உன் தலைக்கு ஒன்றும் வரக்கூடாது, நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், எங்கள் ஆயுசில் மிச்சம் இருப்பதும் உனக்கே சேரட்டும். வேலையிடத்தில் உயரத்தில் ஏறும்போது காலைப் பார்த்து வை. மறக்காமல் ஒன்று செய், கேசட்டைக் கட்டி அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டு, அதில் நீ இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு அனுப்பு.

இப்படிக்கு,
பதிலுக்காக வாசலில் நிற்கும் உன் அப்பா,
இடது கைப் பெருவிரல் ரேகை