ஜப்பான் அழைப்பில் அப்பாவின் பெயர்

சிதம்பரம்

அன்புள்ள அப்பாவுக்கு, வெண்ணிலா வணங்கி எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? விடுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பல்கலைக்கழகச் செலவில் நான் ஜப்பான் கருத்தரங்குக்குப் போவதில் ஒரு சின்னச் சிக்கல், பயப்படாதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் உங்கள் பெயரைப் போட்டோம் அல்லவா? ஜப்பான்காரர்கள் அதையே என் பெயராக எண்ணி, திரு. கலியமூர்த்தி வருக என்று அழைப்பு அனுப்பிவிட்டார்கள். அலுவலக மேடம் சிரித்துவிட்டார்.

"ஜப்பானுக்கு நீ போறியா, உங்கப்பா போறாராம்மா?"

"நான்தான் மேடம்."

"அப்ப அவரு உங்கப்பாதான்னு காட்ட அவரோட ஆதார் குடு. அழைப்பையும் உன் பேருக்கு மாத்தி வாங்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா அனுமதி கெடைக்காது."

ஜப்பானுக்கு மெயில் அனுப்பினேன். இனிஷியல் என்றால் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். விளக்க விளக்க என் பெயர் எது என்று எனக்கே குழம்புகிறது.

உங்கள் ஆதாரைப் போனில் படம் எடுத்து அனுப்பினாலே போதுமாம். ஆனாலும் நீங்களே கொண்டுவாருங்கள் அப்பா. திட்டக்குடியில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். கொஞ்சம் வறுத்த மல்லாட்டையும் கொண்டுவாருங்கள், விடுதியில் எல்லோருக்கும் வேர்க்கடலை பிடிக்கும். அலுவலகத்தில் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், என் பக்கத்தில் நின்றால் போதும்.

ஊருக்குக் கிளம்பிய கனிமொழி அக்கா வாசலில் நிற்கிறாள், இதை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் மகள்,
க. வெண்ணிலா