ஓவு தாண்டிய வலம்

உ
சிவமயம்

கொழிஞ்சாம்பாறை
யுவ வருடம், ஆவணி 10

சீமையில் கல்வி பயிலும் சிரஞ்சீவி காளிச்சாமிக்குத் தகப்பன் அப்புசாமியின் ஆசி. ஈசன் கருணையால் இவ்விடம் நிலக்கடலை தழைத்திருக்கிறது. மழைதான் முகம் காட்ட மறுக்கிறது. நீ எதை ஆராய்கிறாய் என்று ஊரார் கேட்டால் விழிக்கிறேன். எனக்கு விளங்கும்படி எழுது.

உன் மனைவி மருதாத்தாள் ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தன் தமையன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். போகுமுன், உன் பரீட்சை தேற வேண்டி, இவ்வூரில் மலையாள முறைப்படி பூசை நடக்கும் சிவன் கோயிலில் வலம் வர நேர்ந்திருந்தாள். அங்கே அபிஷேக நீர் வழியும் ஓவு என்ற வடிகாலைத் தாண்டலாகாது. அதுவரை நடந்து, வந்த வழியே திரும்ப வேண்டும். இவள் தாண்டி முழுதும் சுற்றிவிட்டாள். சிறிது கடிந்தேன். மலைக்குளிர் அவளுக்கு நல்லது, கவலை வேண்டாம்.

அப்புசாமி

ஜூரிச்
1935 அக்டோபர் 2

வணக்கத்துக்குரிய அப்பாவுக்கு,

தேர்வில் தேறிவிட்டேன். தையில் கப்பலேறி மாசிக்குள் வந்துவிடுவேன்.

என் படிப்புக்கு உங்கள் கடிதமே உதாரணம் தந்துவிட்டது. வலம் வருபவர் பின்னால் ஒரு நூலை விட்டுக்கொண்டே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓவு வரை போய்த் திரும்பினால், நின்ற இடத்திலிருந்தே நூல் முழுவதையும் கைக்குள் இழுத்துவிடலாம். கணக்கில் அது நடக்காத நடை. முழுதும் சுற்றினால் இடையில் கருவறை நிற்கிறது, நூல் வராது.

இனி, பிராகாரத்துக்கு நேர் மேலே முடிவின்றிச் சுழன்றேறும் சாய்தளம் ஒன்றை மனத்தில் எழுப்புங்கள். கீழே வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் மேலே ஓர் அடி. பாதியில் திரும்பியவர் புறப்பட்ட தளத்திலேயே நிற்பார். சுற்றி முடித்தவர், கீழே பழைய இடத்துக்கே வந்தாலும், மேலே ஒரு தளம் ஏறியிருப்பார். எதிர்த்திசையில் சுற்றினால் அந்த ஏற்றம் அழியும். சுற்றுகளை இப்படிக் கூட்டிக் கழிப்பதே என் வேலை.

இதைச் சாத்திரத்துக்கு மறுப்பாக எழுதவில்லை. மருதாத்தாளிடம் சொல்லுங்கள், மனம் தேறுவாள். வெகுநாளாக அவளிடமிருந்து கடிதமே இல்லை. சிறிது கடிந்ததற்கா அப்பா, அத்தனை தூரம் போனாள்?

தங்கள் மகன்,
காளிச்சாமி

கொழிஞ்சாம்பாறை
யுவ வருடம், கார்த்திகை 20

காளிச்சாமிக்கு,

சிறிது கடிந்தேன் என்றெழுதியது பொய். பூசை செய்யும் நம்பூதிரி முன்னும் ஊரார் முன்னும், “புருசனுக்கு வினை தேடி வெச்சுட்டே. இனி என்ர ஊட்டு வாசப்படி மிதிக்காதே” என்றேன்.

புல்லோ இலையோ மூடியிருந்தால் ஓவைத் தாண்டலாம் என்று ஆகம நூலிலேயே விதிவிலக்கு உண்டு. எனக்கு அது மனப்பாடம். அவள் தாண்டிய இடத்தில் வில்வ இலைகள் மூடிக் கிடந்ததையும் கண்டேன். சாத்திரம் அறிந்தவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கடுமையாகச் சொன்னால்தான் மதிப்பு என்று நினைத்தேன். ஆகமம் பிழையன்று, என் நாக்குப் பிழை.

உன் கடிதத்தோடு கம்பம் வழியாகக் குமுளி ஏறி ஏலப்பாறைக்குப் போனேன். கொழுந்து கிள்ளுகிறாள்; விரல்களில் கறை ஏறிவிட்டது. நூலையும் சாய்தளத்தையும் வாசித்துக் காட்டினேன். “அவிய கணக்கு எப்பவும் சரியாத்தானுங்க மாமா இருக்கும். சோத்துக்கு உப்புத்தான் சரியாப் போடத் தெரியாது” என்று சிரித்தாள். பிறகு இலைகளைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“அன்னைக்கே தெரியுமுங்களா?”

தெரியும் என்றேன்.

“நாந் தப்புச் செஞ்சேன்னு நம்பித்தான் தொரத்துனீங்கன்னு இருந்தனுங்க. அதையாச்சும் பொறுத்துக்கிட்டிருப்பேன்.”

சோறு போட்டாள். பஸ் ஏற்றிவிடத் தமையனை அனுப்பினாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

கப்பலைவிட்டு இறங்கியதும் இங்கே வராதே. நேரே ஏலப்பாறைக்குப் போ. இந்த வீடு வேண்டாம் என்று அவள் சொன்னால் உனக்கும் வேண்டாம். உன்னைக் காணும் ஆவல் எனக்கு இல்லையென்று எண்ணிவிடாதே. இருவரும் எங்கே குடியேறினாலும் விலாசம் எழுது. அவள் சம்மதித்தால் மட்டும்.

அப்புசாமி