ஓலையோடு வகுப்புக்குப் போன தாய்மார்

நெடுந்தீவு
9.3.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? பயப்படாமல் வாசியுங்கள், நல்ல செய்திதான்.

பள்ளிக்கூடத்தில் என் மாணவி ஒருத்தி, ரியூசன் மாஸ்டர் வகுப்பு முடிந்ததும் தன்னை மட்டும் மறித்துவைத்துத் தொடுகிறார் என்று அழுதாள். அவள் பெயரைச் சொல்லாமல் ஊர்த் தாய்மாரிடம் சொன்னேன். மறுநாளே இருபது பேர் பனையோலையோடு அவருடைய வகுப்புக்குள் போயிருந்து பெட்டி இழைக்கத் தொடங்கினார்கள்.

“வெளியிலை போங்கோ!” என்று மாஸ்டர் கத்தினார்.

“ஏலாது மாஸ்டர். பிள்ளையள் படிச்சு முடியுமட்டும் நாங்களும் இருப்பம்,” என்றார் தாய்மாரில் ஒருவரான அன்னபூரணம் அக்கா.

நான்காம் நாள் வகுப்பைப் பூட்டிவிட்டார். ஊர் அதிகாரியான விதானையாரிடமும் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். அந்தப் பிள்ளை இன்று பாட்டுப் பாடினாள்!

உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்த்துப் படுக்க. இக்கடிதம் கொண்டுவரும் வள்ளம் வெளிக்கிடுகிறது.

அந்த மாஸ்டர் நாளை குறிகட்டுவான் துறையில் இறங்கி, நம் ஊர் மடத்துவெளியில் வகுப்புத் தொடங்கப் போகிறாராம். ஓலை வெட்டி வையுங்கள், அம்மா.

உங்கள் மகள்
பரிமளம்