சின்ன மீட்டுக்கு லீவு போடாத அப்பாவுக்கு

என் ஓவர்டைம் அப்பாவுக்கு,

அங்கேயாவது ஞாயிற்றுக்கிழமை லீவு விடுகிறார்களா? இல்லை, அங்கேயும் போய் முதல் ஷிஃப்ட்டுக்குக் கையைத் தூக்கிவிட்டாயா? உன்னை நம்ப முடியாது.

நான் களைத்துப்போயிருக்கிறேன் அப்பா. நீ போய் ஐந்து மாதம். முன்பெல்லாம் நான் தண்ணீரைத் தள்ளுவேன், இப்போது தண்ணீர் என்னைத் தள்ளுகிறது. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். நீச்சல் டேங்கில் என் லேனில் நீந்துகிற சாயலியிடம் சொன்னால் சாக்லேட் தருவாள். கோச் சாரிடம் சொன்னால் "அஜூன் ஏக்" என்பார். இன்னும் ஒண்ணு. பிறந்ததிலிருந்து மராட்டி பேசுகிற மனிதருக்கு அந்த இரண்டு சொல்தான் தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம்.

போன ஞாயிறு வானவடி குளத்தில் கிளப் மீட், சின்ன நீச்சல் போட்டி. மாநிலப் போட்டி, நம் ஸ்டேட், அடுத்த மாதம். சாரின் சட்டம் உனக்கே தெரியும். ஸ்டேட்டுக்கு முன்னால் இரண்டு வாரம் நீச்சலைக் குறைத்து உடம்பை ஆறவிடுவார். சின்ன மீட்டுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. களைத்த உடம்போடு போய் நீந்து என்பார்.

சனிக்கிழமை போர்டில் இருபது தடவை நூறு மீட்டர் என்பதற்கு '20 நூறு' என்று எழுதிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். நான் ஒரு பூஜ்யத்தைத் துடைத்தேன். அவ்வளவுதான், ஒரே ஒரு முட்டை. எங்கள் லேன் மொத்தமும் இரண்டு நூறு நீந்திவிட்டுக் கரையேறி உட்கார்ந்துவிட்டது.

சார் வந்து போர்டைப் பார்த்தார். அவர் என்னிடம் பேசுகிற இந்தியைத் தமிழில் தருகிறேன், வசவை வடிகட்டிவிட்டு.

"முட்டையை யாரு தின்னது?"

"நான்தான் சார். பசி."

"ரெஸ்ட் வேணும்னா கேக்கணும். ஏன் திருடுறே?"

"கேட்டா குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

சாயலி குடித்த தண்ணீரை மூக்கு வழியாக வெளியே விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கம்மா நாளைக்கு வர்றாங்க சார். நான் நீந்தி அவங்க பாத்ததே இல்ல. நல்லா பண்ணணும்" என்றேன்.

அவர் என் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். "ஒவ்வொரு சின்ன மீட்டுக்கும் படுக்கவச்சா நீ எப்போ நீந்துவே? ஸ்டேட்ல கடைசி நூறுல கையைத் தூக்க உன்கிட்ட என்ன இருக்கும்? நாளைக்கு நீ தோக்கலாம். அதுக்குத்தான் சின்ன மீட்." பிறகு எழுந்து போய்ப் பூஜ்யத்தைத் திரும்பவும் போட்டார். பதினெட்டு பாக்கி. நீந்தினேன்.

அவர் சொன்னது சரி. எரிச்சலே அதுதான்.

நீயும் இதையேதானே சொன்னாய்? "சின்ன மீட்டுக்கெல்லாம் எதுக்கு லீவு, மீனு? சேத்து வெச்சிருக்கேன். உன் ஸ்டேட்டுக்கு மொத்தமா போட்டுட்டு முத வரிசைல வந்து குந்துறேன் பாரு." ஞாயிறானால் ஓவர்டைம். காலையில் ஃபேக்டரி கேட்டில் கொடுத்த போனை மாலையில் வாங்கியதும் முதல் அழைப்பு எனக்கு: "எவ்ளோ டைமு?" சொன்னதை எல்லாம் நம்புவாய். ஒருமுறை உலக சாதனையை முறியடித்துவிட்டேன் என்றேன். மறுநாள் ஷிஃப்ட் முழுக்க லட்டு கொடுத்துவிட்டு வந்தாய். அன்றைக்கு உருண்டு புரண்டு சிரித்தேன். இப்போது அந்த லட்டு தொண்டையிலேயே நிற்கிறது.

ஸ்டேட்டுக்கு நான் தேர்வாவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. நீ சேர்த்து வைத்த லீவில் ஒரு நாளைக்கூட நீ தொடவில்லை என்று உன் ஃபேக்டரி நண்பர் வந்து சொன்னார்.

அம்மா ஆஸ்பத்திரி கேன்டீனில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் உன் ஸ்டாப்வாட்ச், தாலி இருந்த இடத்தில். நானூறு மீட்டர் ப்ரீஸ்டைல். கடைசி நூறில் கை இரண்டும் இரும்பு. ஆறு பேரில் ஐந்தாவது.

அம்மா துண்டோடு ஓடி வந்தாள். "ஏன்டி, மத்ததுங்க முன்னாடி போவட்டும்னு வழி உட்டியா?"

"ஆமாம்மா. மரியாதை. டைம் எவ்ளோ?"

வாட்சைப் பார்த்தாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னையே பாத்துனு இருந்தேன்டி. நிறுத்த மறந்துட்டேன்."

நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். நீச்சல் குளத்தில் அதுதான் வசதி, எந்த ஈரம் எதனுடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீ வந்திருந்தால் நீயும் மறந்திருப்பாயா அப்பா?

சின்ன மீட்டுக்கு முன்னால் ஓய்வு கூடாது என்பது நீந்துகிறவளுக்கான சட்டம். அது என்னுடையது. கரையில் உட்கார வேண்டிய உனக்கு அதை யார் சொன்னது? நீ ஏன் எடுத்துக்கொண்டாய்?

ஸ்டேட்டுக்கு முன்னால் சார் சொல்கிற நாளில் ஒழுங்காக ஓய்வெடுக்கிறேன். அதுவரை அவர் போடுகிற முட்டையில் கை வைக்க மாட்டேன். அதற்கப்புறம் எத்தனை சின்ன மீட் வந்தாலும் அம்மாவை லீவு போடவைப்பேன். டைம் மட்டும் இனி உள்ளபடி சொல்வேன். இந்தத் தடவை ஐந்தாவது, சத்தியமாக. யாருக்கும் லட்டு கொடுத்துவிடாதே.

உன் ஒரே மகள், ஐந்தாவதாக வந்தவள்,
மீனு