குஞ்சு வருது, மூங்கிலைத் தூக்கு

மாப்பிள்ளைக்கு,

இன்று காலை உன் மகள் படுக்கையை விட்டு எழுந்து, எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். குடிக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது. கை மட்டும் சொம்பை ஆட்டிக்கொண்டே இருந்தது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். மோர் தளும்பி வேட்டியில் கொட்டியது.

"இன்னா மாமா, உள்ள மீனு இருக்குதா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த முன்பல் இரண்டும் அப்படியே உன்னுடையது. இவனுக்குப் பெண் கொடுத்தால் பிள்ளைகள் எல்லாம் தேங்காய்த் துருவியாகப் பிறக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். என் தங்கச்சி கேட்டால்தானே? உடம்புக்கு வந்து கிடந்தவள் சிரித்ததைப் பார்த்ததும், உனக்கு நாலு வரி எழுதவேண்டும் என்று தோன்றியது. அவளுக்கு என்ன வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுத்துக்கும் எனக்கும் ரொம்பத் தூரம். பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்தேன், பிரம்புக்குப் பயந்து ஏரிக்கரைக்கு ஓடிவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பொறுக்காமல் என்ன செய்வாய்? உனக்குத்தான் வாசிக்கவே தெரியாதே.

ஏரி வறண்ட அந்த வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். முந்தின வருஷமும் மழை இல்லை. பாகூர் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கெண்டையும் சேலும் குட்டையில் ஒதுங்கி, குட்டை வற்றியதும் செத்து நாறின. சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்ட விராலைக்கூட நம் ஆட்கள் கடப்பாரை போட்டுத் தோண்டித் தின்றுவிட்டார்கள். பசி. வேறு என்ன சொல்வது. அதற்கப்புறம் ஐப்பசியில் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தது, ஆனால் உள்ளே ஒரு மீன் இல்லை. மீன் இல்லாத ஏரியைப் பார்த்தால் ஆள் இல்லாத வீட்டைப் பார்ப்பது போல இருக்கும் என்று நீதான் சொன்னாய்.

அதனால்தான் சொர்ணாவூர் அணைக்கட்டுக்குப் போனோம். வெள்ளத்தில் ஏறி வருகிற சேல், அணையைத் தாண்ட முடியாமல் கீழே சுழலிலேயே சுற்றிச் சுற்றி முட்டை விடும். முட்டை பொரித்த பிறகு, பாறை ஓரத்துத் தண்ணீர் முழுக்கக் கண்ணும் வாலுமாகத் துடிக்கும். பழைய சேலையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து வாரினால், எள்ளை வாரின மாதிரி குஞ்சு வரும். அன்றைக்கு நீ கொண்டுவந்தது என் தங்கச்சியின் பச்சைச் சேலை.

"கட்டிக்கினு வந்த சேலையா, கேட்டுக்கினு வந்த சேலையா?" என்றேன்.

"திருடிக்கினு வந்த சேலை. வூட்டுக்குப் போனா ஒதை இருக்குது," என்றாய்.

குஞ்சு சுமக்கிற வேலை உன் மகளுக்குத் தெரியாது. அவளும் ஒருநாள் இதைப் படிக்கக் கேட்பாள், அதனால் சொல்கிறேன். தோளில் காவடித் தண்டு. இரண்டு முனையிலும் உறி, உறியில் பானை, பானையில் பாதித் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் தளும்பிக்கொண்டே இருக்கவேண்டும். தண்ணீர் சும்மா நின்றால் குஞ்சு மேலே வந்து வாயைப் பிளக்கும். இன்னும் கொஞ்சம் நின்றால் வெள்ளையாக மல்லாந்துவிடும். அதனால் முட்டியை மடக்கி ஒரு குதி நடை நடப்போம். ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. ஒருவன் ஒதுங்கப் போனாலும் இன்னொருவன் அவன் பானையைக் கையால் ஆட்டிக்கொண்டிருக்கவேண்டும். நீ அந்த நடை நடந்தால் வாத்து சந்தைக்குப் போவது போலவே இருக்கும்.

வழியில் ஒரே இடைஞ்சல் எல்லைச் சாவடிதான். அணைக்கட்டு இங்கிலீஷ்காரன் பக்கம், நம் ஊர் பிரெஞ்சுக்காரன் பக்கம். நடுவில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில். நின்றால் குஞ்சு சாகும் என்று சிவப்புத் தொப்பிச் சிப்பாய்க்கும் தெரியும். அதனால் தூரத்திலேயே "குஞ்சு வருது, மூங்கிலைத் தூக்கு!" என்று கத்துவோம். அவர் கயிற்றை இழுப்பார். நாம் நிற்காமல் உள்ளே போய்விடுவோம்.

"எல்லாரும் போறீங்களே, எனக்கு ஒரு கொழம்புக்கு மீனு எங்கய்யா?" என்பார்.

"இதான் கொழம்பு. கொஞ்சம் வளரணும், காத்துக்கினு இரு," என்று நீ நடந்துகொண்டே சொல்வாய்.

அன்றைக்கு நாம் ஏழு பேர். பாதி வழியில் நீ தண்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் புதர்ப்பக்கம் போனாய். வந்தாய், மறுபடி போனாய். மூன்றாம் தடவை திரும்பி வரும்போது உன் கன்னம் ஒட்டியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. இங்கிலீஷ் பக்கத்து ஊர்களில் வாந்திபேதி என்று அணைக்கட்டிலேயே காதில் விழுந்ததுதான். நீ ரோட்டில் உட்கார்ந்தாய், அப்படியே சாய்ந்தாய்.

முன்னால் போன நாலு பேரும் நிற்கவில்லை. நிற்கக்கூடாது, நாம்தான் அப்படிப் பேசி வைத்திருந்தோம். நானும் கோவிந்தனும் நின்றோம். நம்மோடு ஏரி வேலை பார்த்தவன், இன்னும் இருக்கிறான், பல்தான் இல்லை.

"என்னை வுட்டுட்டு எடுத்துக்கினு போங்கடா. குஞ்சு செத்துடும்," என்றாய்.

"குஞ்சுக்கு என்னா, உன் கதையைப் பாரு," என்றேன்.

ஊசி போடுகிற டாக்டர் பாகூரில் இருந்தார். பொழுது சாய்வதற்குள் உன்னை அங்கே கொண்டுபோனால் பிழைப்பாய், இல்லாவிட்டால் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது. மூவர் பானையையும் ரோட்டோரக் குட்டையில் கவிழ்த்தேன். தூக்க முடியாத கையைத் தூக்கிக்கொண்டு நீ என்னைத் திட்டினாய்.

"பாவி! வூருக் குஞ்சைக் குட்டையில ஊத்திட்டானே! கோயிந்தா, இவனைப் போயி கட்டிக்கினேன் பாரு..."

"நீ கட்டிக்கினது என்னை இல்ல, என் தங்கச்சியை. வாந்தியில தலை கொழம்பிப் போச்சா?"

சிரித்தாய். பச்சைச் சேலையைத் தண்டில் தூளியாகக் கட்டினோம். சேலையில் ஒட்டியிருந்த குஞ்சுகள் இரண்டொன்று உன் மார்பில் துள்ளின. கோவிந்தன் முன்னால், நான் பின்னால், நடுவில் நீ. தோளில் தண்டு ஏறினதும் கால் தானாக அந்தக் குதி நடையில் விழுந்துவிட்டது. மாற்றப் பார்த்தேன், வரவில்லை. உன்னைச் சுமந்த தூளி முன்னும் பின்னும் ஆடியது.

கண்ணை மூடிக்கொண்டே, "என்னையும் குஞ்சாட்டம் ஆட்டுறீங்களேடா," என்றாய்.

"ஆட்டினாத்தான் உசுரு நிக்கும்."

"அப்ப நிறுத்தாத மச்சான்."

சாவடி தெரிந்தது. முன்னால் போனவர்கள் கத்தினார்கள், மூங்கில் மேலே போனது, நாலு பேரும் உள்ளே போனார்கள். மூங்கில் இறங்கியது. அப்புறம் நாங்கள் கத்தினோம். கோவிந்தனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். "குஞ்சு வருது, மூங்கிலைத் தூக்கு!" கயிற்றை இழுத்தார் சிப்பாய். மூங்கில் தலை உயரத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் சேலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த உன் பாதத்தைப் பார்த்தார்.

மூங்கில் இறங்கியது.

"யாருய்யா அது?"

"நம்ம ஆளுதான். உங்களுக்குக் கொழம்பு வைக்கிறேன்னு சொல்லுவானே, அவன்தான்."

"பேதியா?"

என் மேலெல்லாம் கிடந்த வாந்தியே பதில் சொல்லிவிட்டது.

"உத்தரவு வந்திருக்குது. பேதிக்காரன் ஒருத்தன்கூட உள்ள வரக்கூடாது. சாவடிப் பெரியவர் வந்து சொன்னாத்தான் தூக்குவேன்."

"அவன் பாகூர்க்காரன்யா! உங்க எல்லைக்காரன்!"

"தெரியுதுய்யா. பொண்ணுப் புள்ளைங்களை வச்சிருக்கேன், எனக்கு வேலை போயிடும்."

அவர் கெட்டவர் இல்லை, மாப்பிள்ளை. தன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மூங்கிலுக்கு அடியில் வைத்துவிட்டு, எட்டப் போய் நின்றார். ஊற்றினேன். குடித்தாய், வெளியே வந்துவிட்டது. நாங்கள் தண்டை இறக்காமல் நின்ற இடத்திலேயே தோளை அசைத்து அசைத்து உன்னை ஆட்டிக்கொண்டிருந்தோம். பார்க்கிறவனுக்குப் பைத்தியமாகத் தெரிந்திருக்கும். குஞ்சுக்கு வழி விட்டார்கள், உனக்கு விடவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் இறங்கியது, பெரியவர் வரவில்லை. கோவிந்தனின் கால் நடுங்கத் தொடங்கியது. "இறக்குங்கப்பா, நீங்களும் விழுந்துடுவீங்க," என்றார் சிப்பாய். இறக்கினோம். உன் கால் தரையில் பட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பதுபோல இருந்தது, கேட்கவில்லை. உதடு குஞ்சு மாதிரி இரண்டு தரம் திறந்து மூடியது. அவ்வளவுதான்.

பெரியவர் வந்தபோது அவரிடம் கேட்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. பிணமும் எல்லை தாண்டக்கூடாது என்றார். பெண்ணையாற்று மணலில் குழி தோண்டி வைத்தோம். நீ எப்போதும் சொந்த ஏரிக்கரையில்தான் சாவேன் என்பாய். ஏரிக்கு வருகிற தண்ணீர் உன் பக்கமாகத்தான் போகிறது, அது போதும் என்று வைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்து தங்கச்சி முன்னால் நின்றேன். அப்போது இந்தப் பெண் அவள் வயிற்றில் இருந்தாள்.

"கடைசியா இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"'உங்க அண்ணன் வூருக் குஞ்சைக் கொட்டிட்டான், இனிமே அவன்கூடப் பேசாத'ன்னாரு."

என் மார்பில் குத்தினாள். குத்திக்கொண்டே சிரித்தாள், அப்புறம் அழுதாள். நிறுத்தவே இல்லை.

அந்த நாலு பேர் கொண்டுவந்த குஞ்சிலேயே ஏரி மீண்டது. அடுத்த கோடையில் தண்ணீர் இறங்கினபோது ஊரே இறங்கி மீன் பிடித்தது. தங்கச்சி தின்றாள், மாப்பிள்ளை. தின்னமாட்டாள் என்று நினைத்தேன். "பால் ஊறணும்ணா," என்று சொல்லி முள்ளைக்கூட விடாமல் தின்றாள்.

இப்போது கடைசிக் கதை. உன் மகளை எல்லைக்கு அந்தப் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வேண்டாம் என்று நான் சொன்னேன், நான் சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? இந்த ஐப்பசியில் இரண்டாவது பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கையை விரித்துவிட்டாள் மருத்துவச்சி என்று அவள் புருஷன் ஓடிவந்தான். வரும்போதே சொன்னான்: "மாமா, எங்க பக்கம் மறுபடியும் பேதி. படுத்துக் கெடக்கிறவங்க ஒருத்தரையும் சாவடியில உள்ள வுடல."

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் குஞ்சை வண்டியிலும் கொண்டுவருகிறார்கள், பானைக்குப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டே வருவான். அப்படி ஒரு வண்டியோடு அவள் ஊருக்குப் போய், வைக்கோல் போட்டு உன் மகளைப் படுக்கவைத்தோம். சுற்றிலும் பானை, பானை வாயில் ஈரத்துணி, உள்ளே வெறும் தண்ணீர். தங்கச்சி நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பானையை ஆட்டினாள். நான் தோளில் பானையோடு காவடித் தண்டைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் குதி நடை நடந்தேன். இந்த வயதில் முட்டி மடங்கவில்லை, வாத்துகூட என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

சிப்பாய் புதிய ஆள், என்னைத் தெரியாது. "குஞ்சு வருது, மூங்கிலைத் தூக்கு!" என்று கத்தினேன். கழுத்து நரம்பு தெறித்துவிடும் போலிருந்தது. மூங்கில் தலை உயரத்துக்கு வந்தது. நான் மேலே பார்க்கவில்லை, வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். வைக்கோலுக்கு வெளியே அவள் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. பானையை விடாமல் தங்கச்சி தன் முந்தானையை அதன்மேல் தள்ளினாள். சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்த உன் மகள் ஒரு சத்தம் போடவில்லை. மூங்கில் முழுசாக மேலே போனது. வண்டி நிற்கவில்லை.

சாவடி கண்ணுக்கு மறைந்த பிறகு, "போதும்பா, இறக்கு. வெறும் தண்ணிதானே," என்றான் கோவிந்தன்.

டாக்டர் வாசல் வரைக்கும் நான் இறக்கவில்லை.

பிள்ளை தங்கவில்லை, மாப்பிள்ளை. ஆண் பிள்ளை. டாக்டர் எடுக்கும்போதே மூச்சு இல்லை. மண்ணைத் தள்ளினதும் நான்தான், அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. உன் மகள் தங்கினாள். இன்று காலை மோர் கொடுத்தாள், மீன் இருக்குதா என்று கேட்டாள், சிரித்தாள்.

"இருக்குதுடி," என்று சொல்லிக் குடித்து முடித்தேன். சொம்பை வாங்கக் கை நீட்டினாள்.

"குடு மாமா. காலிச் சொம்பை இன்னாத்துக்கு ஆட்டுற?"

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே நடந்து போனாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.