பள்ளிவாசல் முற்றத்தில் சொன்ன பெயர்கள்

நங்யாலையின் அப்பாவுக்கு சலாம். அல்லாஹ்வின் அருளால் இங்கே எல்லோரும் சுகம். ஷார்ஜா வெயிலில் லாரி ஓட்டும் உங்கள் உடம்பும் சுகமாக இருக்கவேண்டும்.

அக்ரூட் உலுக்கி முடித்துவிட்டோம். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. போனில் சொல்லி முடியாத செய்தி ஒன்று இருப்பதால் எழுத உட்கார்ந்தேன்.

அசதாபாத் மாகாண அலுவலகத்திலிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தார்கள். பெண்களிடம் கேட்க ஒரு பெண் வேண்டுமென்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊர்த் தலைவர், உங்கள் பெரியப்பா மலிக் தோர்குல் பெரிய மாமாதான் அனுமதி கொடுத்தார். அது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

நம் ஊரில் எழுதி முடித்தபின், மேலே எங்கள் பஷை மக்களின் ஊரான, நான் பிறந்த மேல்கோம்பைக்குப் போனோம். வாசலில் நின்று ஒவ்வொருவனும், "எங்க வீட்ல நாலு பேரு" என்பான். நான் உள்ளே போனால் வீடு நிறையப் பெண்கள். மனைவி, மகள் பெயரை வெளியாளிடம் சொல்வது மானக்கேடு என்று அவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. போன தடவையும் இப்படிச் சொல்லித்தான் சின்ன ஊர் என்று மருந்தகம் தராமல் விட்டார்கள். என் அண்ணன் மீராக்பரின் மூத்த மகளைக் கட்டிலில் வைத்துச் சுமந்துகொண்டு மலை இறங்கும்போதே அவள் உயிர் போனது உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மேல்கோம்பைப் பள்ளிவாசல் முற்றத்தில் கணக்கைச் சரிபார்த்து எழுத அதிகாரி உட்கார்ந்தார்; கீழிருந்து பெரிய மாமாவே வந்துவிட்டார். "குனர்னா பஷ்தூன் பூமி. பள்ளத்தாக்குல எல்லாரையும் பஷ்தூன்னே எழுதுங்க. மலை மேல கிடக்கிற நாலு வீட்டுக்காரனுக்குத் தனியா ஒரு பேரு கேக்குதா?" என்றார். வீட்டுத் தலைவர் சொல்வதைத்தான் எழுதமுடியும் என்றார் அதிகாரி. முற்றத்தைச் சுற்றிலும் கூரைகளில் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன் எழுந்தான். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன், எங்கள் பஷை மொழியிலேயே சொன்னான். "நான் பஷை. என் பொண்டாட்டியும் பஷை. அவ பேரு நஸ்தரன். ரெண்டு பொண்ணுங்க, ஸைத்தூன், மஹ்ரோ."

"வெக்கங்கெட்டவனே, பொண்டாட்டி பேரை ஏலம் போடுறியா?" என்று ஒருவன் கத்தினான்.

"கணக்குல இல்லாதவளுக்கு எவன்டா மருந்து குடுப்பான்? என் மூத்தவளை நான் தூக்கிட்டு ஓடுனப்ப நீயும்தானே கட்டிலுக்குத் தோள் குடுத்த?" என்றான் அண்ணன்.

கத்தியவன் தலை குனிந்தான். பிறகு, நம்புவீர்களோ மாட்டீர்களோ, அவனே தன் மனைவியின் பெயரைச் சொன்னான். அதன்பின் ஒவ்வொருவராக எழுந்தார்கள். காது வரை சிவந்துபோய், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். கிழவர் குல்ரங் மட்டும் தயங்கித் தயங்கி நிற்க, கூரையிலிருந்து அவர் மனைவியே, "பக்தாவரு! பக்தாவருன்னு எழுதுங்கய்யா, இவரு சொல்றதுக்குள்ள நான் செத்துருவேன்" என்றாள். பள்ளிவாசலே சிரித்தது.

கூட்டிப் பார்த்தால் ஆண்களை மட்டும் எழுதியிருந்த நம் ஊரைவிட மேல்கோம்பை பெரிய ஊராகிவிட்டது. பெரிய மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே நம் ஊருக்கு இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் நம் ஊர் ஆண்கள் எல்லோரையும் கூப்பிட்டு அனுப்பினார். "மேல இருக்கிறவன் நம்மளவிட அதிகமாம். ஏன்டா, பஷ்தூன் வீட்டுல பொம்பளைங்களே இல்லையா? திரும்ப எழுதச் சொல்லுங்க" என்றார். முதல் ஆளாக அவரே, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஷாபெரை" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற பெரிய அத்தை என் கையைப் பிடித்து, "நிக்காஹ் அன்னிக்கு முல்லா என் பேரைச் சொன்னது. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்டி கேக்குறேன்" என்றார். அன்று அவர் சுட்ட ரொட்டி அத்தனையும் கருகல். ஒருவரும் குறை சொல்லவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவில், மரப்பாலத்தின் பக்கத்தில் மருந்தகம் கட்ட உத்தரவு வந்துவிட்டது. அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். பெரிய மாமாவும் அண்ணனும் ஒரே குழியில் நின்று, யார் ஊர் பெரியது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். மருத்துவச்சி மட்டும் பஷை, பஷ்தோ இரண்டு மொழியும் தெரிந்தவளாக இருக்கவேண்டும் என்று இருவருமே சொல்லியிருக்கிறார்கள்.

நம் வீட்டுக் கணக்கை நானே சொன்னேன். பிள்ளைகளிடம் நீ யார் என்று கேட்டார் அதிகாரி. நங்யாலை, "பஷ்தூன், எங்கப்பா மாதிரி" என்றான். வரஷா, "நான் பஷை, எங்கம்மா மாதிரி" என்றாள். ஒரே வீட்டில் இரண்டா என்று அவர் சிரித்துக்கொண்டே இரண்டையும் எழுதினார். உங்களை வெளிநாட்டில் இருப்போர் பகுதியில் எழுதச் சொன்னேன். எப்போது வருவார் என்று கேட்டார். அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொன்னேன்.

அடுத்து யார் எண்ண வந்தாலும், வாசலில் நீங்கள் உட்கார்ந்திருக்க, உங்கள் வாயால் நம் நாலு பேரின் பெயரும் சொல்லப்பட, அல்லாஹ் அருள் செய்யட்டும்.

உங்கள்
பஸ்மினா