அம்மா நின்று வரும் இடங்கள்

அன்புள்ள ஞானத்தாய் எடிதா அவர்களுக்கு,

உங்கள் கையை என் நெற்றியில் வைத்து ஆசி வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதைக்கு இந்தத் தாளிலேயே வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறேன்.

அம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே கைபேசி என்பதால் அதில் உங்களுக்கு எழுத முடியாது. நாளை அவளுடைய மாற்றுச் சீருடையை உங்கள் மருத்துவமனை வாசலில் கொடுக்கும்போது, காவலாளி பெர்த்தோ அண்ணனிடம் இதையும் சேர்த்துக் கொடுப்பேன். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

அப்பாவின் கப்பல் இன்னும் துறைமுகத்துக்கு வெளியேதான் நிற்கிறது. தொற்று பயத்தில் கரையில் யாரையும் இறங்க விடுவதில்லையாம். தம்பி ஐவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பாடத்தாள்களை நானே அவனுக்குச் சொல்லித் தருகிறேன். தண்ணீர் கேன் போடும் ஆள் இப்போதெல்லாம் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போகிறார். நாங்கள் போய் உருட்டிக்கொண்டு வருகிறோம். பக்கத்து வீட்டு அம்மா ஐவனிடம், "உங்கம்மா பேயைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு வர்றா, இந்தப் பக்கம் வராதே" என்று சொன்னாராம். அவன் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான்.

மருத்துவமனை வாசலில் 'எங்கள் வீரர்கள்' என்று பெரிய துணி கட்டியிருக்கிறார்கள் அல்லவா? அம்மா தன் நர்ஸ் தோழி மார்லினிடம் போனில், "வீரர்னு எழுதி மாட்டிட்டாங்கடி. இனி வீரருக்கு லீவு கேக்க வாய் வருமா?" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

அத்தை இறந்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். துக்க வீட்டிலிருந்து வெளியே வந்ததும் எங்களை இழுத்துக்கொண்டு பெலென் அக்காவின் ரொட்டிக் கடைக்குப் போனீர்கள். "நேரா வீட்டுக்குப் போனா உங்க அத்தையும் பின்னாலேயே வந்துடுவா. உயிரோட இருந்தப்பவே ஒரு மாசம் தங்குனவ. வாங்க, ரொட்டி தின்னுட்டுப் போவோம்" என்றீர்கள். செத்தவர் நம்மோடு வராமல் அங்கேயே நின்றுவிட, வழியில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

அம்மாவும் வேலை முடிந்து அப்படித்தான் நின்றுவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். பிறகு மீன் குழம்பு ஆறிப்போகும் அளவுக்குத் தாமதமானது. பிறகு நாங்கள் சாப்பிட்டு ஐவன் தூங்கிய பிறகுதான் வந்தாள். கேட்டால், "வேலை இருந்துச்சு" என்பாள்.

நேற்று இருட்டியும் வரவில்லை. ஊரடங்கு நேரம் நெருங்கிவிட்டது. ஐவனை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தேடிப் போனேன். பெலென் அக்கா கடையை அடைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியாதா பொண்ணே? முதல்ல என் கடையில ஒரு ரொட்டி வாங்கிட்டு உக்காந்துட்டுப் போவா. அப்புறம் என் கடை பத்தல. ஒருத்தருக்கு ஒரு இடமாம். ஒரே இடத்துல ரெண்டு பேரை விட்டா அடிச்சுக்குவாங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. இங்கேர்ந்து கோயில் சுவர், ஜீப்னி வண்டி நிக்கிற இடம், மருந்துக் கடைத் திண்டுன்னு ஒவ்வொண்ணா நின்னுட்டுப் போவா. இன்னிக்குப் படகுத்துறைப் பக்கம் போனா. நானும் கூப்பிட்டேன், திரும்பல" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா எவ்வளவு தாமதமாக வந்தாளோ, அந்தத் தொற்று வார்டில் அன்று அத்தனை பேர் இறந்திருக்கிறார்கள்.

படகுத்துறையில் கடைசி விளக்கையும் தாண்டி நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்திருந்தாள். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். நான் யாரென்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"இடம் தீந்துபோச்சு, ஜுன். ஊர்ல நிக்காத இடமே இல்ல. இதுக்கு மேல தண்ணிதான்" என்றாள். உடனே, "ஐவன் சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.

அவள் செருப்பை நான் எடுத்துக்கொண்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த வார்டுக்குப் போனதிலிருந்து எங்களைத் தொடவே மாட்டாள். நேற்று மறந்துவிட்டாள். நானும் நினைவுபடுத்தவில்லை. வீட்டு வாசலில் திடீரென்று கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை நீங்கள் நர்சுகளுக்குப் புதிய வேலைப் பட்டியல் போடுவீர்களாம். மறுபடியும் அந்த வார்டுக்கே பெயர் கொடுக்கப் போவதாக அம்மா சொல்கிறாள். "மார்லின் புள்ளத்தாச்சி. அவளையா உள்ளே அனுப்புறது? எடிதா அக்கா யாரைத்தான் போடுவாங்க, பாவம்" என்கிறாள். ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆனாலும் கேட்கிறேன். ஞானஸ்நானத் தொட்டியருகே என்னைக் கையில் ஏந்தியவர் நீங்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். அம்மாவைக் கொஞ்ச நாள் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறைக்கு மாற்றுங்கள். அங்கே பிள்ளைகள் அழும், ஆனால் வீட்டுக்குப் போய்விடும். ஓய்வு வேண்டுமா என்று அவளிடம் கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வாள். கட்டளையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே கேட்பாள். அதற்கு முன் ஒருநாள் அவளை உட்கார வைத்து, இறந்தவர்களைப் பற்றிப் பேச விடுங்கள். எங்களிடம் ஒருவர் பெயரைக்கூடச் சொல்வதில்லை. உங்களுக்கு அவர்களையெல்லாம் தெரியும்.

நீங்கள் எங்கே நின்றுவிட்டுப் போகிறீர்கள் என்றும் பெலென் அக்காவிடம் கேட்டேன். "அவங்க எங்கேயும் நிக்கிறதைப் பாக்கல. வீட்டுக்குப் போறாங்களான்னே தெரியல" என்றார். அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்குச் செத்தவர்கள் என்றாலே பயம். இப்போதுகூடக் கால்களைக் கட்டில்மேல் இழுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் நேற்றுப் படகுத்துறையில் பட்ட பயம் இதைவிடப் பெரியது. அதனால் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். இனி எங்கேயும் நிற்க வேண்டாம். அவர்கள் பின்னால் வந்தால் வரட்டும், எல்லாரையும் கூட்டிக்கொண்டே நேராக வீட்டுக்கு வரட்டும். நானும் ஐவனும் சுவரோரம் நகர்ந்து படுத்துக்கொள்வோம். நீங்களும் வாருங்கள். கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பேன்.

உங்கள் ஆசியை வேண்டும்,
ஞானமகள்
ஜுனலின்